லாலாப்பேட்டை உள்ளே போகாது

கரூர், மாயனூர், கிருஷ்ணராயபுரம், கண்ணை மூடு தங்கம், கிருஷ்ணராயபுரம் தாண்டியாச்சு, அடுத்தது, அடுத்தது குளித்தலை, குளித்தலை எல்லாம் இறங்கு, பெட்டவாய்த்தலை, பெருகமணி, எங்கே மூடுகிறது, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு முழித்து முழித்துப் பார்க்கிறது. இந்த ஏசி ஹால் குளிரில் எந்தப் பிள்ளைதான் தூங்கும். வெளியே சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறது, கதவைத் தள்ளி உள்ளே வந்தால் மார்கழி விடிகாலை. கூரை பூராவும் ஓட்டை போட்டு அதிலிருந்து ஊதுகிறார்கள். மேல்துண்டை எடுத்துப் பாப்பாவைச் சுற்றியாயிற்று, இப்போது என் தோள் விறைக்கிறது, விறைக்கட்டும். மற்றவர்கள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவார்கள். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. கரூர் திருச்சி ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கிழவன் ஆனவன், வாயைத் திறந்தால் தானாக வருவது ஊர்ப்பேர்தான், அதைத்தான் இதன் காதில் ஓதுகிறேன், பிறந்ததிலிருந்து இது அதற்கே தூங்கிப் பழகிவிட்டது. குளித்தலைக்குள் கண் சொக்கிவிடும், மிஞ்சினால் ஜீயபுரம். இன்றைக்குத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டே வந்துவிடும் போல. இந்தக் காலேஜ் டீச்சர் ஒருவர், பச்சைப் புடவை, திரும்பிப் பார்க்கிறார். இந்தக் கடைசி வரிசைக்கு அவர்தான் காவல். நுழையும்போதே சொல்லிவிட்டார், “ஐயா, ரெக்கார்டிங் நடக்குது. குழந்தை சத்தம் போட்டா தயவுசெஞ்சு வெளிய கொண்டுபோயிடுங்க.” போகிறேன் தாயே. இதற்கு முன்னால் பேசினவர் பேச்சு முழுக்க வராந்தாவில்தானே உலாத்திக்கொண்டு இருந்தேன். சுகந்தியைக் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் உள்ளே வந்தேன். என் மருமகள் பேசுவதை நான் கேட்க வேண்டாமா. மருமகள். வாசல் மேசையில் ஒரு பெண் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்துக்கொண்டிருந்தது. சுகந்தி தன் அட்டையை வாங்கிக்கொண்டு, திரையில் காட்டுகிற படங்களை ஏற்ற ஓடிவிட்டாள். “நீங்க மேடத்துக்கு என்ன வேணும் சார்? அப்பாவா?” என்று கேட்டது அந்தப் பெண். மாமனார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய் அப்படியே நின்றது. அடுத்த மாசம் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு ஆகிவிட்டால் அந்த வார்த்தை செல்லுமா. பின்னால் வரிசை நிற்கிறது. “பாப்பாவோட தாத்தாம்மா” என்றேன். அட்டையில் ‘உடன் வந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தது. பொய்யில்லை. உடன்தான் வந்திருக்கிறேன்.

சுகந்தி மேடை ஏறுகிறாள். அந்த நீலப் புடவை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், கொசுவத்தில் ஒரு சுருக்கம் விட்டுவிட்டேன், இங்கிருந்தே தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியாது. மைக்கைச் சரிசெய்கிறாள். தொண்டையைச் செருமுகிறாள். அந்தச் செருமலைக் கேட்டதும் பாப்பா பொத்தானை விட்டுவிட்டது. அம்மா சத்தம் கூரையிலிருந்து வருகிறது, சுவரிலிருந்து வருகிறது, இது தலையைப் பின்னால் சாய்த்து அந்த ஓட்டைகளில் அம்மாவைத் தேடுகிறது. அங்கே இல்லை சாமி, அதோ கீழே நிற்கிறாள் பார். நாடு முழுக்க இருந்து கம்ப்யூட்டர் திருட்டைத் தடுக்கிறவர்கள் கூடுகிற மாநாடு இது. எல்லாம் இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவனுக்கு இதில் ஒன்றும் புரியாது, ஆனால் குரல் புரியும். ஓடுகிற பஸ்ஸில் படியில் நின்றுகொண்டு, பின் சீட்டில் எவன் டிக்கெட் எடுக்காமல் சும்மா பேசுகிறான் என்று குரலை வைத்தே சொல்லுவேன். இவள் குரல் இப்போது கொஞ்சம் மேலே நிற்கிறது, பயம். முதல் வரிசையில் நரைத்த கிராப்புத் தலை ஒன்று தெரிகிறதே, அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பயம். ஹைதராபாத்தில் பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவி. “நல்லா பேசு, கேட்டுட்டு இன்னிக்கே முடிவு சொல்றேன்” என்று போனில் சொல்லியிருக்கிறாராம். வேலை கிடைத்தால் ஒரு மாசத்தில் அங்கே போய்விட வேண்டும். ரயிலில் வரும்போது சுகந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “கிடைச்சா ஹைதராபாத் போகணும் மாமா.” யார் யார் போகணும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை ராத்திரி பூராவும் உருட்டிக்கொண்டே படுத்திருந்தேன், போகணும் மாமா, போகணும் மாமா, தண்டவாளத்துச் சத்தம் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. மாயனூர், கிருஷ்ணராயபுரம், குளித்தலை. மேடையில் குரல் இறங்கிவிட்டது. நல்லது. பழைய சுகந்தி குரல். வீட்டில் இதைத்தான் எனக்குத் தமிழில் சொல்லிப் பழகிக்கொண்டாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன். “பிளாக்செயின்னா வேற ஒண்ணுமில்ல மாமா. பெட்டிக்குப் பின்னாடி பெட்டியா கோத்துக்கிட்டே போறது. ஒவ்வொரு பெட்டியிலயும் முந்தின பெட்டியோட அடையாளம் ஒண்ணு இருக்கும். நடுவுல ஒரு பெட்டியில எவனாவது கை வெச்சா அடையாளம் ஒத்துப்போகாது, காட்டிக்கொடுத்துரும்.” அப்ப நல்லதுதானேம்மா என்றேன். “நல்லதுதான். ஆனா எழுதினது எழுதினதுதான், அழிக்கவே முடியாது. ஒரு பொண்ணோட ஆஸ்பத்திரி விவரம் தப்பா ஏறிருச்சுன்னு வைங்க. அவ எடுத்துருங்கன்னு கேக்கறா. எடுத்தா சங்கிலி அறுந்துரும், எடுக்கலைன்னா அவ வாழ்க்கை போயிரும். அறுபடாம எடுக்கறது எப்படி? அதுதான் என் ஆராய்ச்சி.” வெங்காயம் கண்ணில் ஏறியது என்று எழுந்து போனேன்.

எங்கள் சங்கிலியிலும் நடுப்பெட்டி போய்விட்டதே. நான், எனக்குப் பின்னால் கோகுல், கோகுலுக்குப் பின்னால் சுகந்தி, அவளுக்குப் பின்னால் இந்தத் தங்கம். கோகுல் பெங்களூரில் வேறொருத்தியோடு இருக்கிறான். பாப்பா வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டான். என்ன குறை என்று கேட்டதற்கு, “குறையெல்லாம் இல்லப்பா, சரிப்பட்டு வரல” என்றான், செருப்பு வாங்கினவன் மாதிரி. அவன் அம்மா அதைப் பார்க்காமல் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு சுகந்தி வீட்டு வாசலில் போய் நின்றேன், பிரசவம் வரைக்கும் துணைக்கு இருக்கிறேன் என்று. பிரசவம் முடிந்தது. தலை நின்றது. பல் முளைத்தது. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை, பால் வாங்கவும் துணி மடிக்கவும் நாள் போய்விடுகிறது. என் தங்கை ருக்கு வந்தால் விடமாட்டாள். “ஏண்ணா, பெத்த மகன் அங்க கிடக்கான், நீ விட்டுட்டுப் போனவ வீட்ல துணி மடிக்கிறியா?” விட்டுட்டுப் போனது அவன் ருக்கு, அவ இல்லை. “எவனோ போகட்டும். கோர்ட்ல அறுத்து விட்டப்புறம் அவ யாரு, நீ யாரு? நாளைக்கு இன்னொரு கல்யாணம் பண்ணினா மாப்பிள்ளைக்கு உன்னை என்னன்னு சொல்லுவா, ஃப்ரிட்ஜோட வந்தவர்னா?” சிரிப்பு வந்தது, வாய் கிழியச் சிரித்தேன், அப்புறம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். பாப்பாவுக்கு நான் தாத்தா, அதை எந்தக் கோர்ட்டும் ஒன்றும் செய்ய முடியாது. சுகந்திக்கு? அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தவன் இறங்கிப் போய்விட்டான், நாங்கள் இரண்டு பேரும் காலியான சீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் தடவை அது நடந்தது. பாப்பாவைத் தோளில் போட்டு ஆரம்பித்தேன், கரூர், மாயனூர், கிருஷ்ணராயபுரம், அடுத்த ஊர் நாக்கில் ஏறவில்லை. லாலாப்பேட்டை கோகுல் அம்மா ஊர். அங்கேதான் அவன் பிறந்தான். டிரிப் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன், வாழைத்தாரை எடுத்துக் காட்டுகிற மாதிரி எடுத்துக் காட்டினார்கள். அதை எப்படி வாயால் சொல்லுவது. தாண்டிக் குளித்தலைக்குப் போய்விட்டேன். பாப்பா சட்டென்று கண்ணைத் திறந்து பார்த்தது. உள் அறையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. “மாமா, லாலாப்பேட்டை எங்க?” “ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்மா, பஸ் லாலாப்பேட்டை உள்ளே போகாது” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள், “அப்படின்னா அதைச் சொல்லிட்டே போங்க மாமா. சொல்லாம தாண்டாதீங்க.” அப்புறம் ரொம்ப நேரம் தட்டுகிற சத்தமே வரவில்லை. நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லாமல்தான் தாண்டுகிறேன்.

டிங். என்ன அது. மேடையில் கோட்டுப் போட்ட தலைவர் மேசை மணியைத் தட்டினார். ஒரு தட்டு. ஐயோ, நிறுத்தச் சொல்லிவிட்டார்களா. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு விசில் அடித்தால் போ, டிரைவர் தூக்கத்தில் கூட மாற்ற மாட்டான். என்ன தப்பாகப் பேசிவிட்டாள், நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, அந்தக் கிராப்புத் தலை கூட ஆடியதே. எழுந்துவிட்டேன், எழுந்து என்ன செய்யப் போகிறேன், நடுரோட்டில் இறங்கிக் கை காட்டவா. பக்கத்துத் தாடிக்காரப் பையன் மெதுவாகச் சொல்கிறான், “உக்காருங்க சார், அது சும்மா எச்சரிக்கை மணி, டைம் முடியப் போகுதுன்னு.” மணி அடித்தும் நிற்காமல் அவள் பாட்டுக்குப் பேசுகிறாள். சரி. சரி. உட்கார்ந்துவிட்டேன். ஆனால் குலுங்கியதில் இது பதறிவிட்டது. உதடு பிதுங்குகிறது. கீழுதடு முதலில், அப்புறம் முகவாய் நடுங்கும், அப்புறம் மூச்சை இழுக்கும், அப்புறம் ஊரே கேட்கும். எத்தனை தடவை பார்த்தாயிற்று. ஓத வேண்டும், உடனே ஓதினால் அடங்கும். நான் ஓதவில்லை. ஏன் ஓதவில்லை. வாய் மூடியிருக்கிறது. இது ‘ம்மா’ என்று ஒரு கத்துக் கத்தினால் போதும், அவள் கண் இங்கே வந்துவிடும், கை தடுமாறும், சொல்ல வந்தது மறந்துபோகும். பால் குடிக்கிற பிள்ளையின் அழுகைக்கு எந்தத் தாய் உடம்பு சும்மா இருக்கும். நரைத்த கிராப்பு அம்மா ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போவார். கரூருக்கே திரும்பிப் போவோம். அதே வீடு, அதே பால்காரர், நான் துணி மடிப்பேன், என் மேல் ஒரு குற்றமும் இல்லை, குழந்தை அழுதது, அவ்வளவுதானே. சும்மா இருந்தால் போதும், எதுவும் செய்ய வேண்டாம். முகவாய் நடுங்குகிறது. கண்ணில் தண்ணீர் திரண்டு என்னையே பார்க்கிறது, எல்லாம் தெரிந்த மாதிரி. அடச்சீ, மாரப்பா. வண்டியில் ஏறினவளை நடுக்காட்டில் இறக்கிவிடுகிறவனா நீ. கரூர், மாயனூர், கரூர் மாயனூர் கிருஷ்ணராயபுரம், இந்தாடி தங்கம், இந்தா விரலைக் கடி, நன்றாகக் கடி, இரண்டு பல்லும் பதியக் கடி, குளித்தலை, பெட்டவாய்த்தலை, பெருகமணி. மூச்சு வெளியே வந்தது, சத்தமில்லாமல். என் மூச்சும்.

லாலாப்பேட்டை. யார் சொன்னது, நான் சொல்லவில்லையே. மறுபடியும் கேட்கிறது, கூரையிலிருந்து. இங்கிலீஷ் நடுவில், சோற்றில் கல் பல்லில் படுகிற மாதிரி, லாலாப்பேட்டை. நிமிர்ந்து பார்த்தால் திரை முழுக்க ஒரு கோடு, கோட்டில் வட்டம் வட்டமாக, ஒவ்வொரு வட்டத்தின் கீழேயும் இங்கிலீஷில் பேர். படிக்க முடியாவிட்டாலும் எனக்குத் தெரியும், அந்த இடைவெளியை வைத்தே தெரியும், அது என் ரூட். நான்காவது வட்டம் மட்டும் உள்ளே வெறுமையாக இருக்கிறது, மேலே ஒரு சிவப்புக் கோடு. கோடு அறுபடாமல் அந்த வெறும் வட்டத்தைத் தொட்டுக்கொண்டே குளித்தலைக்குப் போகிறது. சுகந்தி என்னவோ சொல்லுகிறாள், சபை சிரிக்கிறது. அப்புறம் தமிழில் சொல்லிக் காட்டுகிறாள், என் குரலில், ராகம் கூட மாறாமல், “லாலாப்பேட்டை உள்ளே போகாது!” தமிழ் தெரிந்தவர்கள் கை தட்டுகிறார்கள். தாடிக்காரன் என் பக்கம் குனிந்து, “சூப்பர் சார். பெட்டியில இருந்ததை எடுக்கலாம், ஆனா எடுத்ததை மறைக்கக் கூடாது, அந்த இடம் காலியா தெரியணும்ங்கறாங்க. அப்பத்தான் மத்ததெல்லாம் நம்பலாமாம்” என்கிறான். தெரியும் தம்பி. எங்கள் வீட்டு வெங்காயத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் அந்த வட்டம் யார் என்று உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இத்தனை நாளாக எனக்கு மட்டும்தான் அந்த ஊர் நாக்கில் முள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கோட்டைப் போட்டது அவள் கைதானே. போடும்போது கை எப்படி இருந்திருக்கும். அந்தக் கோட்டில் கிருஷ்ணராயபுரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வெறும் வட்டத்துக்கு இந்தப் பக்கம், என்னை மாதிரி, தனியாக. கோடு அதையும் சேர்த்துக்கொண்டு போகிறதா, அங்கேயே விட்டுவிட்டுப் போகிறதா. கண் கலங்கிப் போய்ச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கலாம் என்றால் ஒரு விரல் இதன் வாயில் இருக்கிறது. மற்றக் கையைத் தூக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன்.

அதுதான் தப்பு. பேச்சு முடிந்திருக்கிறது, கேள்வி கேட்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், நான் தூக்கினேன். பச்சைப் புடவை டீச்சர் விறுவிறு என்று வந்து என் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டுகிறார். நீட்டிய பிறகுதான் யாரென்று பார்க்கிறார். “ஐயா, நீங்களா?” அதற்குள் பாப்பா விரலை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்து, “ங்ஙா” என்றது. கூரை முழுக்க ங்ஙா. அத்தனை தலையும் திரும்புகிறது, ஒரே சிரிப்பு. நரைத்த கிராப்பு அம்மாவும் திரும்புகிறார், சிரிக்காமல் பார்க்கிறார். கெட்டது. கத்தவிடாமல் காப்பாற்றி, கடைசியில் மைக்கில் கத்த வைத்துவிட்டேன். கோட்டுத் தலைவர் என்னவோ கேட்கிறார், யார் அது என்று இருக்கும். சுகந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். இவ்வளவு தூரத்திலும் அந்தப் பார்வை தெரிகிறது. ‘உடன் வந்தவர்’ என்பாளா. குழந்தையின் தாத்தா என்பாளா. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் என்றாலும் தப்பில்லை, உள்ளதுதானே. என் காது அப்படி விறைத்து நின்றது, எந்த டிரிப்பிலும் நின்றதில்லை. “மை ஃபாதர் இன் லா,” என்றாள். அந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அப்புறம் தமிழிலும் சொன்னாள், எனக்காகவே சொன்ன மாதிரி, “எங்க மாமா. அது என் பொண்ணு.” பிறகு, “மாமா, கை தூக்கியிருக்கீங்க. கேளுங்க, பரவால்ல” என்றாள். நான் சும்மாம்மா, கண்ணாடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு. “ஏம்மா,” என்றேன், என் சத்தம் எனக்கே மேலிருந்து கேட்டது, “லாலாப்பேட்டையை எடுத்துட்டீங்க, சரி. அதுக்கு முந்தி கிருஷ்ணராயபுரத்துல ஏறி உக்காந்திருக்கான் பாரு ஒருத்தன், அவன் கதி என்ன? அவன் ஊர் போய்ச் சேருவானா?” தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சபைக்கு அதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள், நரைத்த கிராப்பு அம்மா இப்போது உடம்பு பூராவும் திரும்பி உட்கார்ந்தார், தலையை ஆட்டினார். சுகந்தி ஏதோ நீளமாகப் பதில் சொன்னாள் அவர்களுக்கு. முடித்துவிட்டு என் பக்கம் பார்த்தாள். “அவர் டிக்கெட் செல்லும் மாமா,” என்றாள். “கடைசி வரைக்கும் செல்லும். நடுவுல எது போனாலும் அவர் இறங்க வேண்டியதில்ல. எங்க போனாலும் வண்டி அவரையும் சேத்துத்தான் போகும்.” எங்க போனாலும். பச்சைப் புடவை டீச்சர் மைக்கை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி வேணுமாய்யா?” என்றார். வேண்டாம் தாயே. ரெக்கார்டிங் நடக்குதுன்னு சொன்னீங்களே, அது நடக்குதில்ல? “நடக்குது, நடக்குது.” நடக்கட்டும். அப்ப ஏறினது ஏறினதுதான். டிங் டிங் என்று இரண்டு தட்டுத் தட்டினார் கோட்டுத் தலைவர். எல்லோரும் முடிந்தது என்று எழுந்தார்கள். முடிந்தால் இரண்டு அடிப்பார்களா, கிறுக்கர்கள். இரண்டு அடித்தால் வண்டி கிளம்புகிறது. ரைட், என்றேன் மெதுவாக. நீலப் புடவை கூட்டத்துக்கு நடுவில் எங்களை நோக்கி இறங்கி வருகிறது, வழியில் அந்தக் கிராப்பு அம்மா மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுகிறார், பேசட்டும், நல்லதாகவே பேசட்டும், கொஞ்சம் பொறு தங்கம், அம்மா வந்துவிடுவாள், அதுவரைக்கும் முதலிலிருந்து வருவோம், கரூர், மாயனூர், கிருஷ்ணராயபுரம், லாலாப்பேட்டை உள்ளே போகாது, குளித்தலை.